தேன் மருந்துதான், சர்வரோக நிவாரணி அல்ல!

தேனின் மருத்துவ குணங்கள் என்று யார் எழுதத் தொடங்கினாலும் பட்டியல் முப்பதுக்குக் குறையாது. காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் உடல் இளைக்கும். பாலில் கலந்து குடித்தால் உடல் பருக்கும். வெங்காயச் சாற்றில் கலந்தால் கண் பார்வை தெளியும். இலவங்கப்பட்டைப் பொடியுடன் உண்டால் மூட்டுவலி, மாரடைப்பு, மலட்டுத்தன்மை, கடைசியில் புற்றுநோய் வரை பறந்து போகும்! ஒரே பொருள் இளைக்கவும் வைக்கும், பருக்கவும் வைக்கும் என்றால் கொஞ்சம் சந்தேகம் வர வேண்டாமா? வருவதில்லை. சொல்லப்படுவது தேனைப் பற்றியல்லவா! அதன் இனிப்பில் கேள்வியெல்லாம் கரைந்து விடுகிறது.

இந்தப் பட்டியல்களால் தேனுக்குப் பெருமை சேர்வதாக அவற்றைப் பரப்புவோர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. தேனிடம் உண்மையிலேயே உள்ள இரண்டு மூன்று நல்ல குணங்கள், இல்லாத முப்பது குணங்களுக்கு அடியில் புதைந்து போகின்றன. அதைவிட மோசம், தேன் யாருக்குக் கொடுக்கவே கூடாது என்ற எச்சரிக்கை இந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் இருப்பதே இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் போகக்கூடியது ஓர் உயிர்.

உண்மையில் தேன் என்ன செய்கிறது?

முதலில் தேனுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்து விடலாம். தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை, 17 அல்லது 18 சதவீதம் தண்ணீர். மீதமுள்ள சிறு பங்கில்தான் நொதிகள், அமிலங்கள், தாதுக்கள், மணப்பொருட்கள் எல்லாம் அடங்கும். இவ்வளவு அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில் கிருமிகளுக்குத் தேவையான தண்ணீர் கிடைக்காது. தேனின் அமிலத்தன்மையும் பெரும்பாலான கிருமிகளுக்கு ஒவ்வாது. இவை தவிர, பூந்தேனைத் தேனாக மாற்றும்போது தேனீ தன் சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறது. தேன் சற்று நீர்த்ததும் இந்த நொதி வேலை செய்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. புண்களைக் கழுவ மருத்துவமனைகளில் பயன்பட்ட அதே பெராக்சைடுதான். தேனில் அது சிறுகச் சிறுக, திசுக்களைக் கெடுக்காத அளவில் ஊறி வருகிறது.

எனவே புண்ணுக்குத் தேன் தடவிய முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்லர். சுமார் கி.மு. 1600-ஐச் சேர்ந்த எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு ஒன்றிலேயே காயங்களுக்குத் தேன் சொல்லப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூரைச் சேர்ந்த மருத்துவர் எம். சுப்பிரமணியம், 104 தீக்காய நோயாளிகளிடம் தேனையும் வழக்கமான வெள்ளி சல்ஃபாடயாசின் களிம்பையும் ஒப்பிட்டு, 1991-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார். தேன் தடவியவர்களுக்குக் கிருமித் தொற்று விரைவாக அடங்கியது. 2007-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், நியூசிலாந்து மனுகாத் தேன் கொண்ட காயக்கட்டு ஒன்றுக்கு அனுமதி அளித்தது. 2015-இல் காக்ரேன் அமைப்பு இத்தகைய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, ஆழமில்லாத தீக்காயங்களும் அறுவைக்குப் பின் சீழ் பிடித்த புண்களும் தேனால் விரைவில் ஆறுவதாகத் தெரிவதாகச் சொன்னது. காலில் வரும் நாள்பட்ட சிரைப்புண்களுக்குத் தேனால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனையில் காயத்துக்கு வைக்கும் தேன், காமாக் கதிர் பாய்ச்சித் தூய்மை செய்யப்பட்டது. சமையலறை அலமாரியில் இருக்கும் புட்டி அப்படிப்பட்டது அல்ல. தீக்காயம் பட்டவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் வீட்டுத் தேனைப் பூசி உட்கார வைப்பதற்கு மேற்சொன்ன ஆய்வு எதுவும் சாட்சி சொல்லாது. தீக்காயத்துக்கு முதல் உதவி, குழாயில் ஓடும் தண்ணீர்தான்.

இரண்டாவது உண்மையான பயன், இருமல். 2007-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சளி இருமலால் தூங்க முடியாத 105 சிறுவர் சிறுமியரிடம் ஒரு சோதனை நடந்தது. சிலருக்குப் படுக்கைக்குப் போகுமுன் தேன், சிலருக்குத் தேன் சுவையூட்டிய இருமல் மருந்து, மற்றவர்களுக்கு எதுவுமில்லை. எதுவும் கொடுக்காதவர்களைவிடத் தேன் சாப்பிட்ட பிள்ளைகள் இருமல் குறைந்து நன்றாகத் தூங்கினர். 2012-இல் இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 300 குழந்தைகளிடம் நடந்த சோதனையும் தேனுக்கே சாதகமாக முடிந்தது. 2019 முதல் பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதலே சாதாரண இருமலுக்கு முதலில் தேனைத்தான் பரிந்துரைக்கிறது.

இது சிறிய விஷயம் அல்ல. 2022-இல் காம்பியாவிலும் 2025-இல் மத்தியப் பிரதேசத்திலும் நச்சுக் கரைப்பான் கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தானாகவே ஆறிவிடும் இருமலுக்கு, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டித் தேன் போதும் என்பது பல வீடுகளைக் காப்பாற்றக்கூடிய செய்தி. ஆனால் பட்டியலில் இது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? கூந்தல் வளர்ச்சிக்கும் முகப்பொலிவுக்கும் நடுவே எங்கோ ஒரு மூலையில்!

இலவங்கப்பட்டைக் கதையின் மூலம்

புற்றுநோயையும் இதய நோயையும் தேனும் இலவங்கப்பட்டையும் குணமாக்கும் என்ற செய்தி மின்னஞ்சலில் தொடங்கி, வலைப்பக்கங்களில் வளர்ந்து, இப்போது வாட்ஸ்அப்பில் வாழ்கிறது. அந்தச் செய்தியிலேயே அதன் ஆதாரமும் உண்டு. வீக்லி வேர்ல்ட் நியூஸ் என்ற கனடா நாட்டு இதழ், 17 ஜனவரி 1995. தேதியோடு ஆதாரம் இருப்பதைப் பார்த்ததும் படிப்பவர் நம்பி விடுகிறார்.

அந்த இதழ் எப்படிப்பட்டது? முதலில் அது கனடா இதழே அல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து வெளிவந்த கேளிக்கைத் தாள். குகையில் பாதி வௌவால், பாதி மனிதனாக ஒரு சிறுவன் கண்டுபிடிக்கப்பட்டான் என்று 1992-இல் முதல் பக்கத்தில் போட்ட தாள் அது! வேற்றுக்கிரகவாசிகள் அமெரிக்க அரசியல்வாதிகளைச் சந்தித்தார்கள் என்று வாராவாரம் எழுதுவது அதன் பிழைப்பாக இருந்தது. வௌவால் சிறுவனை நம்பாதவர்கள், அதே தாளின் பெயரில் வந்த புற்றுநோய் மருந்தை மட்டும் நம்புவது என்ன நியாயம்?

இதில் சிரித்துவிட்டுப் போக முடியாத ஒன்று இருக்கிறது. புற்றுநோயில் நேரமே பெரிய மருந்து. தொடக்கத்தில் கண்டுபிடித்து சிகிச்சை எடுத்தால் குணமாகக்கூடிய கட்டியை, மூன்று மாதம் தேன் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று வைத்திருப்பவர், அந்த மூன்று மாதத்தைத் திரும்பப் பெற முடியாது. செய்தியை அனுப்பியவர் அந்த இழப்பை ஒருபோதும் அறியப் போவதில்லை. நல்லது செய்ததாகவே அவர் நினைத்துக் கொண்டிருப்பார்.

சர்க்கரை நோயாளிக்குத் தேன் நல்லதா?

வெள்ளைச் சர்க்கரை விஷம், தேன் இயற்கை. ஆகவே சர்க்கரை நோயாளிகள் தேன் சாப்பிடலாம் என்பது அடுத்த முழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். 100 கிராம் தேனில் சுமார் 304 கலோரி, அதே எடைச் சர்க்கரையில் சுமார் 387. இதைக் காட்டித் தேன் குறைவு என்பார்கள். ஆனால் வீட்டில் யாரும் தராசு வைத்து அளப்பதில்லை, கரண்டியால்தான் அளக்கிறார்கள். தேன் கனமானது. ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம், சுமார் 64 கலோரி. அதே கரண்டிச் சர்க்கரை சுமார் 48 கலோரிதான். சர்க்கரைக்குப் பதில் அதே கரண்டியால் தேன் ஊற்றியவர், தெரியாமலேயே கூடுதலாகச் சாப்பிடுகிறார். தேனில் ஏறத்தாழ 40 சதவீதம் பிரக்டோஸ் இருந்தாலும், 30 சதவீதத்துக்கு மேல் நேரடியாக இரத்தத்தில் சேரும் குளுக்கோஸ்தான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைகளின் வரிசையில் தேனையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்கக் கூடாது. 2022-இல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 சோதனைகளில் பங்கேற்ற 1,105 பேரின் விவரங்களைத் தொகுத்தபோது, தேன் உண்டவர்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் சற்றுக் குறைந்திருந்தன. ஆனால் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்கள். ஏற்கனவே சர்க்கரையைக் கட்டுப்படுத்திய உணவு உண்டவர்கள். சான்றின் உறுதி குறைவு என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். சர்க்கரையே சேர்க்காதவர் இதற்காகத் தேன் சாப்பிடத் தொடங்க வேண்டாம், சர்க்கரை சேர்ப்பவர் அதற்குப் பதிலாகத் தேனைச் சேர்க்கலாம் என்பதே அவர்கள் சொன்னது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவருக்கு இரண்டு கரண்டித் தேன் ஊற்றிக் கொடுக்க இது அனுமதிச் சீட்டு அல்ல.

முன்னோர் சொன்னது என்ன?

இவ்வளவு சொன்னதும் ஒரு பதில் தயாராக வரும். சித்தர்கள் சொன்னதை மறுக்கிறீர்களா என்பது அந்தப் பதில். சித்த மருத்துவத்தைப் படித்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். சித்த மருத்துவத்தில் தேனின் முக்கியமான இடம் அனுபானம். அதாவது மருந்தைக் கொண்டு செல்லும் துணை. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். அங்கே மருந்து திரிகடுகு. தேன் அதை நாக்குக்கும் தொண்டைக்கும் இணக்கமாக்கும் வாகனம். எந்த மருந்துக்குத் தேன், எதற்கு நெய், எதற்கு வெந்நீர் என்று பிரித்துச் சொன்ன மரபு அது. எந்த நோயாளிக்கு, எத்தனை நாள், என்ன பத்தியம் என்றும் அளந்து சொன்னது.

தேனிலேயே மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று ஐந்து வகை கண்டு, குணம் வேறு என்று பிரித்தார்கள் முன்னோர். இன்றைய பட்டியல்காரரோ கடையில் வாங்கிய எந்தப் புட்டியாக இருந்தாலும் எல்லா நோய்க்கும் ஒரே கரண்டி என்கிறார். மரபை மதிக்காதவர் யார் என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

பிறந்த குழந்தையின் நாக்கில் தேன்

இப்போது அந்த விடுபட்ட வரிக்கு வருவோம். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பார். அவருடைய குணம் குழந்தைக்கும் வரும் என்பது நம்பிக்கை. பிறகு உரைமருந்தைத் தேனில் குழைத்துத் தருவதும், அழும் குழந்தையின் ரப்பர் காம்பைத் தேனில் தொட்டு வாயில் வைப்பதும் உண்டு. எல்லாம் பாசத்தால் செய்யப்படுபவை. இதில் யாரையும் கேலி செய்ய இடமில்லை. ஆனால் பாசம் கிருமியைக் கொல்லாது.

தேனில் பெரும்பாலான கிருமிகள் வளராது என்பது உண்மை. ஆனால் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துக்கள் அதில் சாகாமல் உறங்கிக் கிடக்க முடியும். மண்ணிலும் தூசியிலும் இருப்பவை அவை. பெரியவர்களின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் உருவாகியிருக்காது. வித்துக்கள் அங்கே முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. முதலில் மலச்சிக்கல். பிறகு குழந்தை பால் உறிஞ்சச் சிரமப்படும். அழுகுரல் மெலியும். இமை தொங்கும், கழுத்து நிற்காது, உடல் துவளும். கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்து போகலாம்.

1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்த நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. 2018-இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் தேன் அடைத்த ரப்பர் காம்புகளைச் சப்பிய நான்கு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2017-இல் டோக்கியோவில் ஆறு மாத ஆண் குழந்தை ஒன்று இறந்தது. பழச்சாற்றில் தேன் கலந்து கொடுத்தால் குழந்தைக்கு நல்லது என்று நினைத்தே பெற்றோர் கொடுத்தார்கள். ஜப்பான் அரசு 1987 முதலே இதைப் பற்றி எச்சரித்து வந்தது. எச்சரிக்கை அந்த வீட்டைச் சேரவில்லை. நன்மைகளின் பட்டியல் எந்த வீட்டையும் சேராமல் விட்டதுண்டா?

காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. இந்த வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வைத்தோம், ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். எல்லாப் புட்டியிலும் வித்து இருக்காது, வித்து நுழைந்த எல்லாக் குழந்தைக்கும் நோய் வராது. அதுவும் உண்மையே. சாலையைப் பார்க்காமல் கடந்தவர்களில் பலரும் பத்திரமாக வீடு சேர்ந்திருக்கிறார்கள். அதைச் சொல்லிப் பிள்ளையைப் பார்க்காமல் கடக்கச் சொல்வார்களா? மேலும் அந்த ஒரு சொட்டுத் தேனால் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை என்ன? ஒன்றுமில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், இதுதான் குழந்தைக்கு வேண்டியது. சேனை வைக்க வந்த பெரியவர் குழந்தையை மடியில் வைத்து நெற்றியில் முத்தமிட்டு வாழ்த்தினாலும் குணம் சேரும். நாக்கில் எதையும் வைக்க வேண்டியதில்லை.

புட்டிக்குள் இருப்பது தேன்தானா?

முப்பது குணங்களைப் பாடுவோர் மறக்கும் இன்னொரு கேள்வி இது. 2020 டிசம்பரில் தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், இந்தியச் சந்தையில் விற்ற 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்து முடிவை வெளியிட்டது. 22 மாதிரிகளில் 5 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. ஆனால் மையம் சொன்ன விஷயம் சிந்திக்க வைப்பது. வழக்கமான சோதனைகளில் சிக்காதபடியே தயாரிக்கப்பட்ட சர்க்கரைப் பாகு சந்தைக்கு வந்துவிட்டது; அணுக்காந்த ஒத்ததிர்வு என்ற நுட்பமான சோதனையில்தான் அது பிடிபடுகிறது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு அந்தச் சோதனையை 2020 ஆகஸ்டு முதல் இந்தியா கட்டாயமாக்கியது. அந்நியருக்குப் போகும் தேனுக்கு ஒரு சல்லடை, உள்ளூர்க்காரர் குடிக்கும் தேனுக்கு வேறு சல்லடையா?

இந்த மோசடி இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. 2023-இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அறிக்கையில், இறக்குமதியான 320 மாதிரிகளில் 147 சந்தேகத்துக்குரியவை என்று கண்டது. ஏறத்தாழ பாதி! பாகு கலந்த புட்டியை வாங்கி இருமலுக்கும் இளைப்பதற்கும் குடிப்பவர், மருந்து விலை கொடுத்துச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கிறார். மறுபுறம், உண்மையான தேனை எடுக்கும் மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்பவரும், நீலகிரிப் பாறைகளில் கயிற்றில் தொங்கி மலைத்தேன் எடுக்கும் குறும்பரும் அந்த மலிவான பாகோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கிறது.

இதற்கும் பட்டியல்காரர்களிடம் வைத்தியம் உண்டு. தண்ணீரில் விட்டுப் பார், காகிதத்தில் ஊற்றிப் பார், தீக்குச்சியை முக்கிக் கொளுத்திப் பார், எறும்பு மொய்க்கிறதா பார்! கெட்டியான பாகும் தண்ணீரில் அடியில்தான் இறங்கும். ஆய்வுக்கூடச் சோதனையையே ஏமாற்றும்படி செய்த பாகு, தீக்குச்சிக்கா பயப்படும்? நல்ல தேன் உறையாது என்பதும் தவறு. குளுக்கோஸ் அதிகமுள்ள நல்ல தேன் குளிரில் தானாகவே உறையும். உறைந்ததைக் கண்டு கலப்படம் என்று தூக்கி எறிபவர் நல்ல தேனை எறிந்திருக்கவும் கூடும். இந்த வீட்டுச் சோதனைகளால் லாபம் அடைபவர் ஒருவர்தான்: தீக்குச்சிச் சோதனையில் தேறிவிட்ட கலப்படக்காரர்.

என்ன செய்யலாம்?

தேனை விலக்க வேண்டியதில்லை. இனிப்பு என்று தெரிந்து அளவோடு உண்ணலாம். ஒரு வயது தாண்டிய குழந்தையின் இருமலுக்கு இரவில் ஒரு தேக்கரண்டி கொடுக்கலாம். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் நீடித்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். காயத்துக்குத் தேன் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். தெரிந்த தேனீ வளர்ப்பவரிடமிருந்து வாங்க முடிந்தால் வாங்கலாம். ஏற்றுமதிக்கு வைத்த சோதனையை உள்ளூர்ப் புட்டிக்கும் வை என்று அரசைக் கேட்கலாம்.

கடைசியாக, தேனின் நன்மைகளைப் பற்றி எழுதுபவர்களும் பகிர்பவர்களும் ஒன்றே ஒன்று செய்தால் போதும். முப்பது குணங்களையும் எழுதுவதற்கு முன், முதல் வரியாக இதை எழுதட்டும்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்காதீர்கள். இந்த ஒரு வரி சேராத பட்டியல் எத்தனை இனிப்பாக இருந்தாலும், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பதே தேனுக்குச் செய்யும் மரியாதை.